பண்டாரியின் நாக்கு

மச்சாது தண்டலின் தோணியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடலில் இருக்கும்போது எதையும் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பாய் புடைத்துத் தோணி ஓடுகிறபோது ‘நல்ல காத்து’ என்று ஒருவன் சொன்னால் காற்றுக்கு அது கேட்டுவிடும், கேட்டதும் நின்றுவிடும் என்பது தண்டலின் நம்பிக்கை. தண்டல் என்றால் தோணியின் தலைவர். அவர் நம்புவதை மற்ற எட்டுப் பேரும் நம்பினார்கள். சோற்றுக்கும் அதுதான் விதி.

தோணியில் சமைக்கிறவருக்குப் பண்டாரி என்று பெயர். இந்தத் தோணிக்குப் பதினெட்டு வருஷமாகத் திரேஸ்புரம் இனிகோதான் பண்டாரி. சாப்பாடு எப்படி என்று யாரும் சொல்லாவிட்டால் பண்டாரிக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி உண்டு. குழம்பு வாய்த்துவிட்டால் எல்லோரும் பேசாமல் தின்பார்கள். வாய்க்காத நாளில் கொழும்புத் துறைமுகத்துச் சண்டை, கொழுந்தியாள் கல்யாணம் எல்லாம் தட்டுக்கு நடுவே வரும். பேச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவு மோசம் குழம்பு.

இந்தப் பழக்கத்தை இனிகோ வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மே மாதக் கடைசியில் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். ஆகஸ்ட் நடுவரை தோணிகள் ஓடாது. அந்த இரண்டரை மாதம்தான் தோணிக்காரர்களுக்கு விடுமுறை. பனிமய மாதா கோவில் திருவிழாவும் அதற்குள்தான் வரும். இனிகோ வீட்டில் இருப்பார், மனைவி சந்தனமாரி வைத்ததைச் சாப்பிடுவார், எழுந்து கை கழுவுவார். நன்று என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். சந்தனமாரி தட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பழகியிருந்தாள். கறிவேப்பிலையைக்கூடச் சப்பிவிட்டுப் போட்டிருந்தால் அன்று குழம்பு நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

1962-ஆம் வருஷம் இனிகோ மெலிந்துபோய் வந்தார். கொழும்பில் பத்து நாள் காய்ச்சல் என்றார். வந்த அன்று மத்தியானம் சந்தனமாரி சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு கவளம் விழுங்கிவிட்டு அவர் சொன்னார்:

“நல்லாயிருக்கு.”

“என்னது?”

“கொழம்பு நல்லாயிருக்குன்னேன்.”

சந்தனமாரி கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மறுநாள் முருங்கைக்கீரை. நல்லாயிருக்கு. அதற்கடுத்த நாள் நண்டு. நல்லாயிருக்கு. ஜூன் மாதம் முழுவதும் இப்படியே போயிற்று. வெளியே கச்சான் என்கிற மேல்காற்று உப்பளப் பக்கமிருந்து வெள்ளைத் தூசியை அள்ளிக்கொண்டு வந்து தெருவெல்லாம் இறைத்தது. ஜன்னலைச் சாத்தினாலும் தூசி வரும், பாயில் படுத்தால் முதுகில் நறநறக்கும். அந்த வருஷம் அவளுக்கு அது எதுவும் உறைக்கவில்லை. விடிந்ததும் இன்று என்ன வைக்கலாம் என்ற நினைப்போடு எழுந்தாள். குசினிக்குள் கிடந்த வெயில்கூட அவளுக்கு இளசாகத் தெரிந்தது. அம்மியில் தேங்காய் அரைக்கையில் அவள் கை தானாகப் போய் வந்தது. மனம் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தது. கல்யாணமான வருஷம்கூட அவள் இப்படி இருந்ததில்லை.

பின்வீட்டு ஆறுமுகத்தாய்க்குத்தான் முதலில் மூக்கில் வியர்த்தது. அவள் உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். இரண்டு வீட்டுக் கிண்ணங்களும் பதினைந்து வருஷமாகச் சுவருக்கு மேலே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன.

“ஏளா சந்தனம், ஊமை வாயி தெறந்திருக்காமே. என்னளா மருந்து வச்ச?”

“போளா. காச்சல்ல கெடந்து வந்த மனுசன். வீட்டுச் சோத்தோட அரும தெரிஞ்சிருக்கு.”

“எங்க வீட்டு ஆளுக்கும் ஒரு காச்சல் வந்தா தேவலாம். நேத்து ரசத்தக் குடிச்சிட்டு இது என்ன கழனியான்னு கேக்காரு.”

ஆடி பிறந்ததும் அம்மன் கோவில் கூழ் ஒரு தூக்குவாளி நிறைய வந்தது. இனிகோ ஒரு சொம்பு குடித்துவிட்டு, “கூழு நல்லாயிருக்கு” என்றார்.

“கூழுல நல்லாயிருக்கதுக்கு என்ன அண்ணாச்சி இருக்கு? கூழு கூழாத்தான் இருக்கும்” என்று ஆறுமுகத்தாய் சிரித்தாள். பிறகு சந்தனமாரியிடம் மெதுவாக, “ஆனா ஒண்ணு, வெங்காயம் கடிக்காம வெறுங்கூழ இப்படி ரசிச்சுக் குடிக்கவர நான் பாத்ததில்ல” என்றாள். சந்தனமாரி அதைக் காதில் வாங்கவில்லை.

ஜூலை இருபத்தாறாம் தேதி கோவிலில் கொடி ஏறியது. அன்று காலை சந்தனமாரி விளமீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். புளிக்குழம்புக்கு உப்பு எப்போது போடுவது என்பதில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. புளித்தண்ணீர் ஒரு கொதி வந்த பிறகுதான் போடுவாள். முதலிலேயே போட்டால் கொதித்து வற்றுகையில் கரிப்பு ஏறிவிடும். மீன் போட்ட பிறகு போட்டால் கல் கரைவதற்குக் கிளற வேண்டும், துண்டு உடைந்துவிடும். அந்த ஒரு கொதி வருகிற நேரம் பார்த்துக் கொடியேற்று வேட்டு வெடித்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சிலுவை போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் போட்டாயிற்று என்ற நினைப்பில் மீனைப் போட்டு இறக்கினாள்.

இனிகோ இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். “நல்லாயிருக்கு” என்றார்.

அதன் பிறகு அவள் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள்.

உப்பில்லாத மீன்குழம்பைத் தின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். புளி தனியாக நிற்கும், மிளகாய் தனியாக நிற்கும், தேங்காய் ஒரு மூலையில் நிற்கும். ஒன்றோடு ஒன்று பேசாது. உப்பு வந்துதான் அவற்றைச் சேர்த்துவைக்கும். சந்தனமாரி அந்த வாயை விழுங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சட்டியோடு எழுந்து, இன்னும் தின்றுகொண்டிருந்த அவரிடம் போனாள்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா?”

“ஊத்து.”

“உப்பு போதுமா?”

“அளவா இருக்கு.”

“நான் உப்பே போடலியே.”

இனிகோ பிசைந்த கவளத்தைத் தட்டிலேயே விட்டார். கோவில் பக்கமிருந்து பேண்டு வாத்தியம் காற்றில் வந்து வந்து போயிற்று.

“எத்தன நாளா?” என்றாள்.

“கொழும்புல காச்சல் விட்ட அன்னைலேர்ந்து. மொதல்ல தோணிக்குள்ள அடியில தேங்கிக் கெடக்க தண்ணி நாறலியேன்னு பாத்தேன். சுத்தம் பண்ணிட்டானுவ போலன்னு நெனச்சேன். பெறவு மண்ணெண்ண கொட்டிச்சு. அதுவும் நாறல. அப்பந்தான் தெரிஞ்சிது. மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. எதத் தின்னாலும் நனஞ்ச துணியத் தின்ன மாதிரி இருக்கு.”

“அப்பம் அந்த நண்டு?”

“தெரியல.”

“முருங்கக்கீரை? வெரலச் சப்புனியளே.”

“தெரியலளா.”

“தொதலு? தேங்காப்பாலும் கருப்பட்டியும் போட்டு ஒங்களுக்குன்னுதான நாலு மணி நேரம் கிண்டுனேன்.”

“கையில ஒட்டிச்சு. அது தெரிஞ்சிது.”

ஒவ்வொரு நாளாக அவள் கேட்டாள். ஒவ்வொரு நாளாக அவளிடமிருந்து போயிற்று. ஜூன் மாதம் முழுவதும் காலியான பிறகு அவள் சொன்னாள்:

“பின்ன என்னத்துக்கு நல்லாயிருக்கு, நல்லாயிருக்குன்னு சொன்னிய? பதினெட்டு வருசமா சொல்லாத மனுசன்.”

“சொல்லாம இருந்தா நீ எம் மொகத்தப் பாப்ப, தட்டப் பாப்ப. பாத்தா கண்டுபிடிச்சிருவ. சொல்லிட்டா பாக்க மாட்டியேன்னுதான்.”

அவர் சொன்னது உண்மை. இரண்டு மாதமாக அவள் தட்டைப் பார்க்கவே இல்லை.

அன்று முழுவதும் அவள் அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே குசினி வாசலில் வந்து உட்கார்ந்தார். அவருடைய பயம் வேறு. திருவிழாவன்று மத்தியானம் தோணியாட்கள் எல்லோரும் பண்டாரி வீட்டில் சாப்பிடுவது வழக்கம். அந்த ஒரு சாப்பாட்டைப் பண்டாரியே கரையில் சமைக்க வேண்டும். சாப்பிட்டு முடிந்ததும் தண்டல் சாமான் பெட்டியின் சாவியைப் பண்டாரி கையில் கொடுப்பார். அரிசி, பருப்பு, மிளகாய், உப்பு எல்லாம் அந்தப் பெட்டியில்தான். சாவி வந்தால் அடுத்த வருஷத்துக்கும் அவர்தான் பண்டாரி.

“கொழும்புலேர்ந்து திரும்பி வரையில ரெண்டு நேரம் உப்பு ரெட்டிச்சிருச்சு போல. ஒருத்தனும் ஒண்ணுஞ் சொல்லல. ஆனா சாப்பிடையில பேச்சான பேச்சு. இப்பம் தண்டலு வேம்பாத்துப் பண்டாரி ஒருத்தங்கூட நின்னு பேசிக்கிட்டிருந்தாருன்னு நம்ம தோணித் தொம்மை சொன்னான். இந்த வயசுல நான் பாயி கட்டவா ஏறுவேன்?”

சந்தனமாரி உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூன்றாவது தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கேட்டாள்:

“பெரிய வெள்ளிக்கு இந்தத் தெருவுக்கே கஞ்சி காச்சுதேன்லா? அன்னைக்கி நான் நோன்பு. ஒரு சொட்டு நாக்குல வச்சிருப்பனா?”

“இல்ல.”

“என்னைக்காவது கரிச்சிருக்கா?”

இனிகோ அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“எந்திரிச்சு அந்தச் செரட்டைய எடுங்க” என்றாள்.

ஒன்பது நாள் இருந்தது. நாக்கில்லாமல் சமைப்பது எப்படி என்று அவள் கற்றுக்கொடுத்தாள். கல் உப்பை முதலில் வெயிலில் காயப்போட வேண்டும். கடல்காற்றில் ஈரம் ஏறிய உப்பு அளவுக்குள் ஒழுங்காக உட்காராது, ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். காய்ந்த உப்பைத் தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி, கரியால் கோடு போட்ட இடம்வரை நிரப்பி, இத்தனை செம்பு புளித்தண்ணீருக்கு இவ்வளவு என்று போட வேண்டும். புளியைக் கரைத்ததும் உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்திப் பார்க்க வேண்டும். கைரேகை தெரிந்தால் நீர்ப்பு. ரேகை மறைந்து விரலிடுக்கில் வழிந்தால் சரி. மசாலா வெந்ததா என்று காதால் கேட்க வேண்டும். பச்சையாக இருக்கும்வரை குழம்பு பொடிப் பொடியாகக் குமிழிட்டுச் சளசளக்கும். வெந்துவிட்டால் குமிழ் பெரிதாகி, நிதானமாக, ஒன்று வெடித்த பிறகு அடுத்தது என்று தொப்பென்று வெடிக்கும். இறால் அரிவாள் மாதிரி வளைந்தால் பதம், வளையம் மாதிரி சுருண்டால் ரப்பர்.

இதில் பாதி இனிகோவுக்கும் தெரிந்ததுதான். மணல் நிரப்பிய பெட்டியில் அடுப்பு மூட்டி, ஆடுகிற சட்டியைக் கயிற்றால் கட்டிச் சமைத்தவர் அவர். மூன்று பங்கு குடிதண்ணீருக்கு ஒரு பங்கு கடல்தண்ணீர் ஊற்றி உலை வைத்தால் சோற்றுக்குத் தனியாக உப்பு வேண்டாம் என்பது போன்ற கணக்குகள் அவரிடம் நிறைய உண்டு. ஆனால் கடைசியில் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்துத்தான் எதையும் நம்புவார். அந்தக் கடைசிச் சொட்டு இல்லாமல் சட்டியை இறக்க மனம் வராமல் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“எறக்குங்க.”

“பதம் வந்துட்டா?”

“சத்தத்தக் கேட்டியளா?”

“கேட்டேன்.”

“பின்ன என்ன எங்கிட்டக் கேக்கிய? எறக்குங்க.”

தினமும் மீன்குழம்பு. ஒரு கிண்ணம் சுவருக்கு மேலே போகும். என்ன ஏது என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஆறுமுகத்தாய் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கையில், “என்னளா ஒங்க வீட்டுல வலையா கட்டிப் போட்டிருக்கு, தெனமும் மீனு? நேத்து ஒரு கல்லு கூட. இன்னைக்கி அளவு” என்றாள். உப்பளத்தில் நிற்பவள் சொன்னதால் இருவரும் அதை நம்பினார்கள்.

திருவிழாவன்று பூசை முடிந்து எட்டுப் பேரும் புதுச் சட்டையில் வந்தார்கள். முற்றத்தில் அடுப்பு எரிந்தது. சீலா மீன் குழம்பு, இறால் வறுவல், பருப்பு. இனிகோ சிரட்டையால் அள்ளுவதைத் தொம்மை பார்த்துவிட்டான்.

“என்ன அண்ணே, கையால அள்ளிப் போடுவிய, இப்பம் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மாதிரி அளக்கிய?”

“திருவிழாலே. மரியாதையாச் சமைக்கேன்.”

“அப்பம் இத்தன வருசமா எங்களுக்கு மரியாத இல்லாமத்தான் போட்டியளா?”

எல்லோரும் சிரித்தார்கள். மச்சாது மட்டும் சிரிக்கவில்லை. அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இலை போட்டாயிற்று. குழம்பு ஊற்றியாயிற்று. ஒருவரும் பேசவில்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் சந்தனமாரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மீன்முள்ளை உறிஞ்சுகிற சத்தம் வந்தது, இலையில் விரல் வழிக்கிற சத்தம் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அவள் மெல்ல மூச்சு விட்டாள்.

அப்போது மச்சாது தலையைத் தூக்காமலே கேட்டார்:

“ஏலே இனிகோ, ஒரு கல்லு கூடவோ?”

எல்லாக் கைகளும் நின்றன. இனிகோ கதவுப் பக்கம் பார்த்தார். சந்தனமாரி லேசாகத் தலையசைத்தாள். கூட இல்லை, அளவுதான். அவள் ருசி பார்த்திருந்தாள். அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ‘அளவாத்தான் இருக்கு தண்டலே’ என்றால் முடிந்துவிடும். இனிகோ வாயைத் திறந்தார். அவள் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். ‘எத்தன நாளா?’ என்று கேட்ட அன்று இருந்த அதே முகம்தான்.

“தெரியல தண்டலே” என்றார். “கொழும்புக் காச்சலுக்குப் பெறவு எனக்கு உப்பும் தெரியல, ஒறப்பும் தெரியல. இது எம் பொஞ்சாதி சொல்லிக்குடுத்து, அளந்து வச்சது.”

மச்சாது கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

“எனக்குத் தெரியும்லே. வரையில ஒங் கொழம்பத் தின்னுட்டு எல்லாவனும் தண்ணி குடிச்ச குடியில பீப்பா காலியாகப் பாத்துச்சு. காத்து மட்டும் இன்னும் ரெண்டு நாளு வீசாம நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? அத நெனச்சுத்தான் வேம்பாத்துக்காரன்கிட்டப் பேசுனேன். கொழம்பு கரிச்சதுக்கு இல்ல. நீ சொல்லுவன்னு பாத்தேன். ரெண்டு மாசமா நீ சொல்லல.”

நெருப்பில் ஒரு சவுக்குக் கட்டை சரிந்து பொறி பறந்தது.

“இன்னைக்கி உப்பு சரியா இருக்கு” என்றார் மச்சாது. “ஆனா தோணி ஆடையில செரட்டையும் ஆடும். சாவி ஒங்கிட்ட இருக்கட்டும். உப்பு மட்டும் தொம்மைகிட்ட. நீ அளந்து வையி, அவன் நாக்குல பாத்துட்டுப் போடட்டும். சம்மதமா?”

உப்புக்கு இன்னொருவனைக் கேட்க வேண்டிய பண்டாரியை அந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை. இனிகோ அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார்.

“சம்மதம்” என்றார்.

மச்சாது இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். தொம்மை இலையை முன்னால் தள்ளினான்.

“அது இருக்கட்டும். அண்ணே, கொழம்பு ஊத்துங்க. இது கரைதான, சொல்லலாம்லா தண்டலே? மதினி, கொழம்பு நல்லாயிருக்கு.”

கதவுக்குப் பின்னாலிருந்து, “சமைச்சது ஒங்க அண்ணன்” என்று மட்டும் பதில் வந்தது.

அவர்கள் சப்பரம் பார்க்கக் கிளம்பிப் போனபோது வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. வீட்டுக்குள் தேங்காயெண்ணெய் வாசமும் புகையும் கலந்து ஒரு மயக்கம் மாதிரி நின்றது. அது சந்தனமாரிக்கு மட்டும்தான் தெரிந்தது. அடிச்சட்டியில் மிஞ்சிய குழம்பை அவள் சோற்றில் ஊற்றினாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் அவருடைய தட்டைப் பார்த்தாள்.

“எப்படி இருக்குன்னு கேக்கலியா?” என்றார் இனிகோ.

“கேட்டா என்ன சொல்லுவிய?”

“தெரியலன்னு சொல்லுவேன்.”

“அதச் சொல்லுங்க.”

“தெரியல.”

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மெதுவாக மென்றாள்.

“மொதல்ல புளி வருது” என்றாள். “முன்னம்பல்லுக்குப் பின்னால நிக்கி. வெரசலாத்தான் வருது. பெறவு தேங்கா வந்து அத இழுத்து உக்கார வைக்கி. ஒறப்பு இன்னும் வரல... இந்தா, இப்பம் வருது, ரெண்டு கன்னத்துலயும். மாங்காத் துண்டு ஒண்ணு மாட்டிச்சு. அது வேற புளிப்பு, கொஞ்சம் இனிப்பு இருக்கு. மீனு இதெல்லாத்தையும் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கு.”

இனிகோ கண்களை மூடிக்கொண்டு ஒரு கவளத்தை வாயில் வைத்திருந்தார்.

“சொல்லு” என்றார், வாய் நிறைய.

“பொறுங்க. உப்பு இப்பந்தான் வருது.”

அவள் விழுங்கும்வரை அவரும் விழுங்காமல் காத்திருந்தார்.